எல்லாரும் இறங்கியாச்சா, அய்யா?

பாசமுள்ள அய்யாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்த அன்று அண்ணன் அனுமந்தன்பட்டி பஸ் நிறுத்தத்தில் உங்களுக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தான். பத்தடி உயரம். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் லாரி ஓட்டிய மனுஷனின் தலைக்கு மேலே மூன்று போர் விமானங்கள் பறக்கின்றன. பக்கத்தில் ஒரு பீரங்கி வண்டி வேறு. கீழே கொட்டை எழுத்தில், ‘வங்கதேசத்தை மீட்டுக் கொடுத்த மாவீரர்.’ பட்டாளம் என்று சொன்னதும் கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் வாரிப் போட்டுவிட்டார்.

அண்ணனுக்கு உங்கள் மேல் இருக்கும் பாசம் அந்த அளவில்தான் வெளியே வரும். ஆனால் அடுத்த வாரமே என் பழைய அறைத்தோழன், வங்கதேசத்து ரஃபீக் போன் செய்தான். அம்மாவை வைத்தியத்துக்காக வேலூருக்கு அழைத்து வந்திருக்கிறானாம், ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து போகிறேன் என்றான். அவன் வந்து இறங்கப்போவது அந்த ஃபிளெக்ஸுக்கு நேர் எதிரில்.

நினைவிருக்கிறதா அய்யா? ஷார்ஜாவில் எங்கள் அறையில் மூன்று கட்டில். ஒன்றில் நான், ஒன்றில் ரஃபீக், மூன்றாவதில் பாகிஸ்தான்காரன் அர்ஷத். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அறை கனத்துப்போகும். எழுபத்தொன்றில் போர் முடிந்த அந்த டிசம்பர் பதினாறு. என் போனில் நம் ராணுவத்தின் வெற்றிப் படங்கள் வந்து குவியும். ரஃபீக்கின் போனில் அவன் நாட்டுக் கொடியும் விடுதலைப் பாட்டும். அர்ஷத் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவன் படித்த பாடப்புத்தகத்தில் அது நாடு இரண்டாக உடைந்த நாள். உடைத்தது நாம்.

ஒரு வருஷம் என் வாய் சும்மா இருக்கவில்லை. “உன் நாட்டை எங்க அய்யாதான் வாங்கிக் கொடுத்தாரு” என்று ரஃபீக்கிடம் பெருமையடித்தேன். அவன் முகம் இறுகிவிட்டது. “எங்க தாய்மாமா ஒன்பது மாசம் சண்டை போட்டுச் செத்தார். உங்க அப்பா கடைசி ரெண்டு வாரம் வந்தார்” என்றான். மறுநாளிலிருந்து தனியாகச் சமைக்க ஆரம்பித்தான்.

உங்களிடம் நியாயம் கேட்கத்தான் போன் செய்தேன். எனக்காகப் பேசுவீர்கள் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

“ஏலே, அவரு சொன்னதுல என்னடா தப்பு? அங்கன எங்களுக்கு வழி காட்டுனதே அவுகதான். போனை அவருகிட்டக் குடு.”

அந்தப் பட்டாளத்து இந்தியில் நீங்கள் ரஃபீக்கிடம் ஜமாலைப் பற்றிச் சொன்னீர்கள். அதுவரை அந்தப் பெயர் நம் வீட்டில் ஒலித்ததே இல்லை. முப்பது வயதுச் சணல் விவசாயி. வழி தெரியாத உங்கள் லாரியில் முன்னால் உட்கார்ந்து மூன்று நாள் வழி காட்டியிருக்கிறார். ஒரு காலையில், முன்னால் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்து வருகிறேன் என்று இறங்கிப் போனார். அந்த நேரம் குண்டு விழ ஆரம்பித்து, வண்டிகளைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அவர் ஏறாமலே திருப்பினீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி, “அவரு திரும்பி வந்தாரான்னு விசாரிச்சுச் சொல்லுவீகளா தம்பி?” என்று கேட்டீர்கள். ரஃபீக் தலையாட்டினான், நீங்கள் பார்க்கிற மாதிரி.

அத்தோடு விட்டீர்களா? அர்ஷத்தையும் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் யாராவது அந்தச் சண்டைக்கு வந்தார்களா என்றீர்கள். அவனுடைய பெரியப்பா கைதியாகி நம் நாட்டில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். ஏழு வருஷம் ஒன்றாக இருந்த எங்களிடம் அவன் சொன்னதில்லை. “ஊருக்குத் திரும்பிட்டாகளா?” என்று கேட்டீர்கள். திரும்பினார் என்றான். “அப்பாடா” என்றீர்கள், தமிழிலேயே. அர்ஷத்துக்கு அது புரிந்தது. அன்றைக்கு மூன்று பேருக்கும் அவன்தான் ரொட்டி சுட்டான்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு நம் ஜீப் ஞாபகம் வந்தது. பட்டாளத்திலிருந்து வந்து முப்பது வருஷம் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனீர்கள். சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகும் வண்டியை எடுக்க மாட்டீர்கள். தலைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, “எல்லாரும் இறங்கியாச்சா?” என்று கேட்டு, மறுபடியும் எண்ணுவீர்கள். தோட்டத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். “எங்க மாமியாரு கூட எங்களை இப்பிடித் தேடுறதில்ல” என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது எங்கே தொடங்கிய எண்ணிக்கை என்று எனக்கு அப்போது தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள் அய்யா.

இனி வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ரஃபீக் வருவதற்குள் ஃபிளெக்ஸை இறக்கிவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னதற்கு அவன் கொதித்துப்போனான். “அய்யா பேரைக் கிழிக்கச் சொல்றியா? எவனோ ஒருத்தனுக்காகவா?” ஃபிளெக்ஸ் அப்படியே நின்றது. ரஃபீக் பஸ்ஸிலிருந்து இறங்கினான், அண்ணாந்து பார்த்தான், உங்களைக் கண்டுபிடித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். பிறகு, “விமானத்தை யார் ஓட்டியது?” என்றான். சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஆனால் நடக்கும்போது, “அந்த வரி மட்டும் கஷ்டமாக இருக்கிறது” என்றான்.

வீட்டில் அண்ணி திராட்சையும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். ஜமால் கதையையும் ரஃபீக்கின் தாய்மாமா கதையையும் அண்ணனுக்கு அப்போதுதான் சொன்னேன். ரஃபீக் போனை எடுத்தான். நீங்கள் சொன்ன ஊருக்குப் போன மாதம்தான் போயிருக்கிறான். அங்கே ஜமாலைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லையாம். ஊர் நடுவில் ஒரு கல் இருக்கிறது. அந்தப் போரில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. படத்தைக் காட்டினான்.

“நம்ம பட்டாளத்துப் பேரு எங்க இருக்கு?” என்றான் அண்ணன்.

இதில் ஊர்க்காரர்கள் பெயர் மட்டும்தான் என்றேன். அவன் முகம் சுருங்கியது. ரஃபீக் அதைக் கவனித்துவிட்டு அந்தப் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தான். அந்த எழுத்து எங்களுக்குத் தெரியாது, காதைத்தான் கொடுத்தோம். ஒன்று, இரண்டு என்று அண்ணன் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினான், உங்களைப் போலவே. இருபத்து மூன்று பெயர்கள். கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டு ரஃபீக் நிமிர்ந்தான்.

“ஜமால் எங்க?” என்றான் அண்ணன்.

“இல்லை.”

அண்ணன் என்னைப் பார்த்தான். “பேரு இல்லேன்னா... அப்ப வந்துட்டாருடா! திரும்பி வந்துட்டாரு!” என்று எழுந்தே நின்றுவிட்டான். உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு ஊர்க் கல்லிலும் இருக்கலாம் என்றான் ரஃபீக். அண்ணன் கேட்டால்தானே? ரஃபீக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு, “இவரு தாய்மாமா பேரு எந்தக் கல்லுல இருக்குன்னு கேளு” என்றான் என்னிடம்.

ரஃபீக்கைத் திரும்ப பஸ் ஏற்றப் போனபோது அண்ணன் கையோடு ஏணி கொண்டுவந்தான். யாரும் சொல்லவில்லை. அவனே ஏறி அவிழ்த்துச் சுருட்டினான்.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை அய்யா. அந்த ஒரு போனில் என் சிநேகிதத்தைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். ஜெயித்த கதையைச் சொல்லி எங்களை வளர்க்காமல் இருந்தீர்கள். அதற்கும் நன்றி. கல்லில் ஜமால் பெயர் இல்லை என்று நேற்று அர்ஷத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரே வார்த்தை அனுப்பியிருந்தான்: ‘அப்பாடா.’

நம் தோட்டத்தில் உங்களுக்கு ஒரு கல் வைக்கிறோம். அதில் விமானம் இருக்காது, மாவீரரும் இருக்காது. உங்கள் பெயருக்குக் கீழே ‘லாரியும் ஜீப்பும் ஓட்டினார்’ என்று இருக்கும், அவ்வளவுதான். ரஃபீக் அடுத்த முறை வந்தால் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டுவேன். நீங்கள் வண்டியை எடுங்கள் அய்யா. உங்களுக்காக நான் எண்ணிவிட்டேன். எல்லாரும் இறங்கியாச்சு.

உங்கள் ஜீப்பின் பின்சீட்டில் வளர்ந்த
இளைய மகன்