மினாரா தெரிகிற மாதிரி

இறக்கக்கண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் மச்சான் முனீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலிலும் உங்கள் உடம்பை அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதுவதானால் பொய்தான் எழுத வேண்டும். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். நம் மகள் அசனாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல செய்தி.

இந்தக் காலத்தில் எந்தப் பெண்டாட்டி புருசனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று உங்களுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். உங்கள் தம்பி றுமைஸின் கை போய்விட்டது என்று நெஞ்சில் அடித்து அழுதேன். அந்த அழுகையை எடுத்து, நீங்கள் நடத்துகிற சனலில் போட்ட வீடியோவுக்கு அடியில் ஓட விட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பரீனாவின் போனிலிருந்து என் ஒப்பாரி எனக்கே கேட்டது. கேட்டு முடித்ததும் என் போனை அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கிவிட்டேன். லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிற றிகாஸிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாசித்து முடியும்வரை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

பாடசாலைக்குப் பின்னால் அந்த போன் டவர் எழும்பியபோது நீங்கள் அங்கிருந்து துள்ளிய துள்ளல் எனக்கு மறக்கவில்லை. உலகத்துப் படமும் பாட்டும் ஓடுகிற மெசின்களுக்குக் குளிர்காற்று அடிக்கிற கட்டிடத்தில் வேலை செய்கிறவர் அல்லவா? "படம் எடுக்கிறவன் பெரியாளில்ல நப்லா, வயர் இழுத்தவன்தான் பெரியாள். இனிக் கடலுக்குள்ளயும் லைன் கிடைக்கும், பாரு நம்மட சனல் எங்க போகுதெண்டு" என்று சொன்னீர்கள். சொன்னது போலவே நடந்தது. றுமைஸ் நடுக்கடலில் நின்று மீன் பிடிக்கிறதை கனடாவில் பஸ்ஸில் போகிறவனும் லண்டனில் கடை வைத்திருக்கிறவனும் அந்த நேரத்திலேயே பார்த்தார்கள். நானும் குசினியில் மீன் அரிந்துகொண்டே பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் மச்சான், நீங்கள் கடற்கரையில் பிறந்தவர். மைக்கல் அண்ணனின் கல் எது என்று உங்களுக்குத் தெரியாதா? கடலுக்கு அடியில் கிடக்கிற அந்தக் கல்லில்தான் மீன் அடையும். அவருடைய அப்பா காட்டிக் கொடுத்த இடம். கடலில் நின்று பார்த்தால் பள்ளிவாசல் மினாரா மலைப் பள்ளத்துக்குள் விழ வேண்டும், புறாமலைத் தீவின் வால் தென்னந்தோப்பைத் தொட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற இடத்தில்தான் அவர் நங்கூரம் போடுவார். இந்தக் குறியை ஒரு மனிதன் மகனுக்குச் சொல்லுவான், மருமகனுக்குக்கூடச் சொல்லமாட்டான். சுனாமியில் எங்கள் மீன்பிடிப் போட்டு அடித்துப்போனபிறகு சின்னப் பிள்ளையாக இருந்த றுமைஸைத் தன் போட்டில் ஏற்றி, அந்தக் கல்லைக் காட்டி, தொழிலும் பழக்கிவிட்டவர் அவர்.

அந்தக் கல்லில் நின்று லைவ் போகச் சொன்னது நீங்கள். வெறும் தண்ணியைக் காட்டினால் ஒருவனும் பார்க்கமாட்டான், மினாராவும் மலையும் பின்னுக்குத் தெரிகிற மாதிரிப் பிடி, அந்தச் சிவப்பு வெள்ளை டவரும் விழட்டும் என்று சொன்னீர்கள். அவனும் போனைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்கு அது அழகான காட்சி. கடல் தெரிந்தவனுக்கு அது விலாசம். கூடப்பிறந்த மூத்த நானா சொல்லிவிட்டார் என்பதால் அவன் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ போட்டுகள் வந்தன. வலை போடக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை, வெடி போட்டார்கள். கரையில் நின்ற எங்களுக்கே காலடி அதிர்ந்தது. சின்னதும் பெரியதுமாய் மீன்கள் வயிறு வெடித்துக் கரை முழுக்க ஒதுங்கின. கல் உடைந்து தூளாகிவிட்டது என்று அடியில் சுழியோடிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இனி அதில் மீன் அடையாது.

மறுநாள் றுமைஸ் லைவில் நின்றபோது மைக்கல் அண்ணன் தன் போட்டைக் கொண்டுவந்து இடித்து, இவன் போட்டுக்குள் பாய்ந்தார். "உனக்குத் தொழில் பழக்கின பாவத்துக்கு என்ட வயித்திலயே அடிச்சிட்டியேடா" என்று கத்தினது போன் வழியாக எனக்குக் குசினியில் கேட்டது. கத்தி இறங்கியது தெரிந்தது. போன் பிடித்திருந்த கையில்தான் வெட்டினார். மணிக்கட்டு ஒரு தோலில் தொங்கியது. போன் விழுந்து வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதன் கண்ணாடியில் இரத்தம் வழிந்தது. அதற்கும் மேலே பார்க்கிறவர்கள் அனுப்பிய இதயங்கள் பறந்தன மச்சான். நான் அரிந்துகொண்டிருந்த மீனின் இரத்தமும் என் கையில் இருந்தது. இன்றுவரை என்னால் மீன் தொட ஏலாது.

மைக்கல் அண்ணன் அதே கத்தியோடு போய்ப் பொலிஸில் நின்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய சண்டை இது. நீங்கள் என்ன செய்தீர்கள்? தம்பியின் கை வெட்டுப்படுகிறதை வெட்டி ஒட்டி, என் அழுகையைப் போட்டு, எங்கள் பிள்ளையை வெட்டிய வெறியன் என்று தலைப்பு வைத்து ஏற்றினீர்கள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வெடியைப் பற்றியும் இல்லை. ஒரு கல்லுக்காக வந்த சண்டை, மார்க்கத்துக்காக வந்த சண்டையாக மாறிவிட்டது. இறக்கக்கண்டி எங்கே இருக்கிறதென்றே தெரியாதவனெல்லாம் பழிக்குப் பழி என்று எழுதுகிறான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிகிறது உங்கள் சொந்த வீடு.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். ஒரு முகமும் நம் ஊர் முகமில்லை. ஒரு கையில் பொல்லு, மறுகையில் போன். மைக்கல் அண்ணனின் மீன்வாடிக் குடிசைக்குப் பெற்றோல் ஊற்றினார்கள். போட்டும் வலையும் எரிந்து கருகினதை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள். வீட்டுக்குக் கல் எறிந்ததில் அவர் மனைவி கிறிஸ்டினின் நெற்றி பிளந்தது. அவள் ஓடி வந்தது எங்கள் பின்கதவுக்குத்தான். வெட்டுப்பட்டவனின் வீட்டுக்கு! என் முந்தானையால் அவள் தலையைச் சுற்றிக்கட்டி, உள்ளறையில் அசனாவோடு விட்டுப் பூட்டினேன்.

கதவை உதைத்தவன், அவள் இங்கே வந்தாளா என்று கேட்டான். வரவில்லை என்றேன். அல்லாஹ் அந்தப் பொய்யை மன்னிப்பான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராத்தா, நீங்க முனீப் நானாட வைஃப் தானே? ரெண்டு வார்த்தை பேசுங்க, லைவ் போகுது" என்று போனை நீட்டினான். என் வாசலில் நின்று, என்னிடம்! ஓங்கி அறைந்தேன். போன் சீமெந்துத் தரையில் விழுந்து சிதறியது. அவன் பொல்லால் என் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று போய்விட்டது. பரீனாவின் புருசனும் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்தவர்களும் ஓடிவந்ததால் உயிர் மிஞ்சியது. அதையும் எவனாவது படம் எடுத்திருப்பான், தேடிப் பாருங்கள்.

கிறிஸ்டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எங்கேயும் போக அவளுக்குப் பயம். நான் அனுப்பவும் மாட்டேன். வரும் வெள்ளி இரண்டாம் பாகம் என்று உங்கள் வீடியோவுக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்றும் கேட்கிறார்களாம். அசனா பொம்மையின் கையைப் பிய்த்துவிட்டுத் துணி சுற்றி வைத்திருக்கிறாள் மச்சான். ஏன் என்று கேட்டால் இது றுமைஸ் சாச்சா விளையாட்டு என்கிறாள்.

வீடியோ சாட்சி, அழிக்கக்கூடாது என்று உம்மாவிடம் சொன்னீர்களாம். சாட்சி பொலிஸிடம் இருக்கிறது. சனலில் இருக்கிற வீடியோவை அழித்துவிடுங்கள். அழித்துவிட்டு உங்கள் முகத்தைக் காட்டி, மினாரா தெரிகிற மாதிரிப் பிடிக்கச் சொன்னது நான்தான் என்று அதே சனலில் சொல்லுங்கள். வெள்ளிக்கு முன்னே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கிறிஸ்டினை உள்ளே பூட்டிவிட்டு, வருகிறவர்களுக்கு முன்னால் கதவைத் திறந்து நிற்கப்போகிறது நான்தான். உங்கள் அடுத்த வீடியோவில் நான் இருப்பேன்.

அல்லாஹ் உங்கள் மனதை இளக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நப்லா

இதற்குக் கீழே கோணல்மாணலாகக் கிடக்கிறது றுமைஸ் எழுதியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து இடது கையால் எழுதினான். அவன் எழுதிமுடிக்கும்வரை நான்தான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நானா, கல்லக் காட்டினது நாம. மைக்கல் அண்ணன் மேல எனக்குக் கோவமில்ல. அழிங்க.