காலைச் செல்களும் மத்தியானச் செல்களும்

என் அருமைக் கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆய்வகத்தில் உனக்காக வைத்த நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் உன் அறிவைப் பற்றித்தான் பேசினார்கள். ஏசி மெக்கானிக்கான உன் தம்பி நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்த ஒன்றை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

உன் வேலை என்னவென்று நீ எனக்கு விளக்கியது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில், வித்துரா பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது. நரம்புச் செல்லின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகள் இருக்கின்றன, சேதி வந்ததும் பை செல்லின் ஓரத்தில் ஒட்டித் திறந்து, உள்ளே இருக்கும் ரசாயனத்தை அடுத்த செல்லுக்குக் கொட்டுகிறது என்றாய். அப்படியானால் பைகள் தீர்ந்துபோகாதா என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

“அதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம்.”

கொட்டிய பையைச் செல் திரும்ப உள்ளே இழுத்து, மறுபடி நிரப்பிக்கொள்ளுமாம். அதைப் பார்ப்பதற்காகப் பைக்குள் ஒளிரும் புரதம் ஒன்றை வைப்பீர்கள். பைக்குள் அமிலம் இருக்கும்வரை அது மங்கிக் கிடக்கும். பை வெளியே திறந்ததும் பச்சையாக ஒளிரும். உள்ளே திரும்பி அமிலம் ஏறினால் மறுபடி மங்கும். எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று அளப்பதிலேயே நான்கு வருஷம் போயிருந்தது உனக்கு. குறிப்பிட்ட ஒரு புரதம் இல்லாத செல்களில் பைகள் மெதுவாகத் திரும்புகின்றன என்று கண்டிருந்தாய். கட்டுரையை அச்சுக்கு ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல்.

அந்தச் சமயத்தில்தான் மைக்ராஸ்கோப் அறையில் ஏசி ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டாய். இரண்டு நாள் அங்கே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். காலையில் அறை விறைத்துக் கிடந்தது. மேற்குச் சுவரில் வெயில் ஏறிய பிறகு ஏசி திணறி, அறை சூடாகியது. சாதாரணமாகத்தான் இதைச் சொன்னேன். உன் முகம் மாறிவிட்டது.

“செல் வைக்கிற மேடையும் அப்படித்தான் இருக்குமோ?”

அதற்குத் தனியாக ஹீட்டர் இல்லையே, அறை எப்படியோ அதுவும் அப்படித்தான் என்றேன். நீ நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாய். புரதம் இல்லாத செல்களை எப்போதும் காலையிலும், சாதாரணச் செல்களை மத்தியானத்திலும் பார்த்திருந்தாய். வசதிக்காக வந்த பழக்கம். குளிரில் எந்தச் செல்லிலும் பைகள் மெதுவாகத்தான் திரும்பும் என்று நீயே சொல்லிவிட்டு நோட்டை மூடினாய்.

நேர்காணல் முடியட்டும், நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்றேன். நீ கோபப்படவில்லை, அக்கா.

“நாளைக்கு வேற ஒரு பொண்ணு இத நம்பி வேல தொடங்குவா. அவளுக்கு இது வராது, அல்லே? தன் கைதான் சரியில்லன்னு நெனச்சு அழுவா.”

அன்று மாலையே கட்டுரையை நிறுத்திவைக்கச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினாய். மேடைக்கு ஹீட்டர் வாங்கிப் பொருத்தி, இரண்டு வகைச் செல்களையும் காலையிலும் மத்தியானத்திலும் கலந்து பார்த்தாய். மாதக்கணக்கில் பார்த்தாய். முன்பு கண்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. மிச்சம் நின்றது சின்னது, ஆனால் நிஜம். அதை மட்டும் எழுதினாய். நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றில் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தோம். வருத்தமா என்று கேட்டேன்.

“இருக்குடா. ஆனா தூக்கம் வருது.”

நான் அந்தத் தெர்மாமீட்டரைத் தொங்கவிடாமல் இருந்திருந்தால்? வேலை உறுதியாகி, உடம்பைக் கொஞ்சம் கவனித்திருப்பாயோ? மார்புக் கட்டியை முன்னமே கண்டிருப்பாயோ? அம்மாவிடம் இதைக் கேட்க முடியாது. உன்னிடம் கேட்கிறேன்.

உன் மாணவி அஞ்சு போன வாரம் என் கடைக்கு வந்தாள். நீ விட்டுப்போன அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் அவள் ஆராய்ச்சி தொடங்கியது. யார் அளந்தாலும் அது வருகிறதாம். “டீச்சர் அன்னைக்குக் கட்டுரைய நிறுத்தலன்னா நான் இத விட்டுட்டுப் போயிருப்பேன், அண்ணா” என்றாள். அழுதுவிட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், பரவாயில்லை.

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம். யாரும் வந்து கேட்கலாமாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருவேன். அஞ்சு உன் பெயரைச் சொல்லும் இடத்தில், நீ எங்கள் வீட்டுப் பெண் என்று எழுந்து நின்று சொல்வேன். இந்த முறை வாய் வரும்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி முருகேசன்