மேட்டுத் தெருவில் பாக்கி இல்லை

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் மேட்டுத் தெரு. எண்பத்து நாலு வீடு, பன்னிரண்டு மணிக்குள் முடிந்தது. ஒரு ரசீதுப் புத்தகம் தீர்ந்து இரண்டாவதைத் தொடங்கியாயிற்று. கொம்யூன் பஞ்சாயத்தில் இருபத்தாறு வருஷமாக பில் கலெக்டர் வேலை பார்க்கிறேன். வீட்டு வரிக்காக இந்தத் தெருவில் எந்தக் கதவையும் இரண்டாம் முறை தட்டியதில்லை. "பில்லக்கா வந்தாச்சு" என்று முதல் வீட்டில் குரல் கேட்டால் போதும், கடைசி வீட்டில் முந்தானை முடிச்சு அவிழ்ந்துவிடும்.

காரணம் இருக்கிறது. அங்கே பாதிப் பேருக்குப் பட்டா கிடையாது. ரேஷன் கார்டு, கரண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எதற்குப் போனாலும் இங்கேதான் குடியிருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். என் கையெழுத்துப் போட்ட ரசீதை நீட்டுவார்கள். அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருப்பவர்கள் உண்டு, அரிசி டப்பாவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இட்லிக்கடை ஆரோக்கியசெல்வி எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். பைத்தியம். ஆனால் நல்ல பைத்தியம்.

ஆகஸ்ட் 21

பேப்பரில் வந்திருக்கிறது. பெரிய கட்டடங்களுக்குச் சொத்து வரியைப் பாதியாகக் குறைக்க மசோதா. ரிசார்ட், கல்யாண மண்டபம், குடோன் எல்லாம் அதில் வரும். பழைய பாக்கி மொத்தமும் தள்ளுபடி. முதலீடு பெருகுமாம்.

அதுகூடப் பரவாயில்லை. சட்டசபையில் ஒரு பெரிய மனிதர் பேசியிருக்கிறார்: "குடிசைக்காரங்க யாரும் வரி கட்டுறதில்லை. பெரியவங்க கட்டுற காசுலதான் ஊர் ஓடுது. அவங்களுக்குக் கொஞ்சம் சலுகை காட்டினா என்ன தப்பு?"

யோவ், யாருய்யா கட்டலை? நான் என்ன இருபத்தாறு வருஷமா ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு ஊர் சுத்திப் பார்க்கவா போனேன்?

டிவியைப் பார்த்து இதையே கத்தினேன். "மெதுவா, டிவி உடைஞ்சா நான்தான் வாங்கணும்" என்றார் இவர். புருஷன் பேரை எழுதினால் ஆயுள் குறையும் என்பாள் என் அம்மா. சிவநாதன், சிவநாதன். ஒன்றும் ஆகவில்லை, அடுத்த அறையில் குறட்டை விடுகிறார்.

ஆகஸ்ட் 29

செல்வி ஆபீசுக்கு வந்தாள். கையில் தகவல் உரிமை மனு. பத்து வருஷமாக மேட்டுத் தெருவில் வரிப் பாக்கி எவ்வளவு, ஐயாயிரம் சதுர அடிக்கு மேலான கட்டடங்களில் பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யார், பெயரோடு வேண்டுமாம். அக்டோபரில் மசோதா பற்றிக் காரைக்காலில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கப்போகிறார்களாம், அதில் வாசிக்க வேண்டுமாம்.

"அக்கா, நீங்க வாயைத் திறந்தா மெமோ குடுப்பாங்க. எனக்கு யாரு மெமோ குடுப்பா? இட்லிச் சட்டியா?"

நான் சிரிக்காமல் சீல் அடித்து வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்ச் சிரித்தேன்.

செப்டம்பர் 4

செல்வி மனுவுக்குப் பதில் தயாரித்தேன். மேட்டுத் தெருவுக்கு எழுதியது ஒரே வரி. பாக்கி: இல்லை. அதை எழுதும்போது எனக்கு வந்த கர்வத்தை வேறெங்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பெரிய கட்டடங்களில் பாக்கிக்காரர்கள் பதினோரு பேர். பதினோராவது, கைலாசநாதன் திருமண மண்டபம். இவருடைய கூடப்பிறந்த அண்ணன். என் மூத்தார். ஒன்பது வருஷப் பாக்கி.

எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் நோட்டீஸ் தபாலில் போகும். மற்ற இடங்களுக்கு நேரில் போய் நின்று மானத்தை வாங்குகிறவள், மூத்தார் வீட்டுக்கு மட்டும் பில் புத்தகத்தோடு போனதே இல்லை. எங்கள் மகள் இளவேனில் கல்யாணம் நடந்தது அந்த மண்டபத்தில்தான். வாடகை வாங்கவில்லை.

மேனேஜர் யேசுராஜ் சார் பட்டியலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கடைசிப் பேர் வேண்டாம்மா. கேஸ்ல இருக்குன்னு நான் குறிப்பு போட்டுக்கறேன். குடும்பத்துக்குள்ள எதுக்கு?" கேஸ் எதுவும் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

பத்துப் பேரோடு வேறு தாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 5

தலைவலி.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் செல்வி கடையில் இட்லி. கேட்காமலே கூட இரண்டு வைத்தாள். "பதில் வந்ததும் யாராவது வக்கீல்கிட்டக் காட்டி சரிபாருன்னு சொல்றாங்கக்கா. நான் மாட்டேன்னுட்டேன். பில்லக்கா எழுதினதை எதுக்குச் சரிபார்க்கணும்?"

அவள் கூட வைத்த இரண்டையும் தொடாமல் எழுந்தேன்.

இத்தனை வருஷம் இந்தத் தெருவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் ரசீது கிழிக்க மாட்டேன் என்று நின்றவள் நான். போன மாதம்கூட, இரண்டு ரூபாய் சில்லறைக்காக ஒரு தாயை எதிர் வீட்டுக்கு ஓடவிட்டேன். அந்தக் கண்டிப்பெல்லாம் ஏழைக்கு மட்டும்தானா தேவிகா? சபையில் பேசினவனைத் திட்டினாயே, நீ மட்டும் என்ன?

நேராக ஆபீஸ். தாள் யேசுராஜ் சார் மேசையில்தான் இருந்தது. வாங்கிக் கிழித்தேன். புதிதாகப் பதினோரு பேர் எழுதினேன், மூத்தாரை முதலில் போட்டு.

"எழுதறதுதான் எழுதறீங்க, ஏம்மா மொதல்ல?"

"எனக்கு நெருங்கினவங்க மொதல்ல வரட்டும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கமிஷனருக்கு அனுப்பினார்.

சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து ஊரார் வாயிலிருந்து கேட்கவிடக் கூடாது. முழுதும் கேட்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

செப்டம்பர் 10

பேசவில்லை.

செப்டம்பர் 11

இன்றும். தயிர் வேண்டுமா என்றேன். தட்டை நகர்த்தினார்.

செப்டம்பர் 13, சனி

வாயைத் திறந்தார். திறந்ததும் சண்டை.

"இளவேனில் கல்யாணத்துக்கு அண்ணன் ஒத்தப் பைசா வாங்கலை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேரை எழுதினே? எங்க அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சது அவரு."

"உங்களைப் படிக்க வச்சதுக்கு நான் எப்பவும் கையெடுத்துக் கும்பிடுவேங்க. அதுக்கு மேட்டுத் தெருக்காரங்க ஏன் கடன்பட்டிருக்கணும்? அங்க ஆறு மாசமா தெருவிளக்கு எரியலை, வரியில பணம் இல்லைன்னு எழுதி அனுப்பறாங்க. அந்தப் பணம் எங்க இருக்கு? உங்க அண்ணன் மண்டபத்து ஏசி மெஷினுக்குள்ள இருக்கு!"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடவா என்று கேட்டார். ஆபீஸ் காகிதம், சொல்லக் கூடாது என்றேன். சரி என்றார். சொல்ல மாட்டார். சொன்ன வாக்கை மீறாத மனுஷன். அந்தப் பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் 24

கமிஷனர் கையெழுத்தாகி செல்விக்குப் பதில் போய்விட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். எத்தனை வயதானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்குக் கொம்யூன் ஊழியர்களை வரச் சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் வருகைப் பதிவேட்டோடு நான். முன்வரிசையில் பட்டு ஜரிகை வேட்டிகள். நடுவில் மூத்தார், மண்டப உரிமையாளர் சங்கத் தலைவர் என்ற முறையில். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதலில் பேசின நாலு பேரும் மசோதாவை வரவேற்றார்கள். ஐந்தாவது செல்வி. மேட்டுத் தெருப் பெண்கள் நாற்பது பேர் இருக்கும், கடையைச் சாத்திவிட்டு, நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

செல்வி மைக்கைப் பிடித்தாள். "நாங்க வரி கட்டுறதில்லைன்னு சபையில பேசினாங்களாம். பத்து வருஷத்துக்கு எங்க தெருவுல பாக்கி இல்லைன்னு கொம்யூனே எழுதிக் குடுத்திருக்கு. பாக்கி வச்சிருக்கிற பெரியவங்க பேரும் இதுல இருக்கு. வாசிக்கட்டுங்களா?"

முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு ரிசார்ட்காரர் எழுந்தார். சத்தமாகச் சொன்னார்: "இந்தப் பட்டியலைத் தயார் பண்ணினது யாருன்னு கேளுங்க! மண்டபக்காரர் தம்பி பொண்டாட்டி. சொந்தக்காரங்களை மறைச்சுட்டு மத்தவன் பேரை ஏலம் போடுது. இதையெல்லாம் ஒரு காகிதம்னு எடுத்துக்கிட்டு..."

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து பேச எனக்கு உரிமை இல்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வி பதறவில்லை. "உட்காருங்க ஐயா. மொதப் பேரையே வாசிக்கிறேன், கேளுங்க. கைலாசநாதன் திருமண மண்டபம். ஒன்பது வருஷப் பாக்கி."

ரிசார்ட்காரர் உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் நாலாவது, அதையும் வாசித்தாள். பதினொன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடிந்ததும் நாற்பது பெண்களும் எழுந்து ரசீதுகளைத் தூக்கிப் பிடித்தார்கள். கசங்கினது, மஞ்சள் பூத்தது, எண்ணெய்க் கறை பட்டது, லேமினேட் பண்ணினது. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

மேடையிலிருந்த அதிகாரி இறங்கி வந்து ஒன்றை வாங்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பத்துப் பேரோடு அந்தத் தாள் போயிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்? மைக் முன்னால் செல்விதான் பொய்க்காரி ஆகியிருப்பாள். ஆனால் நான் பயந்ததைவிட அதிகமாகப் பெருமைப்பட்டேன். என் பிழைப்பில் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்ததில்லை.

மூத்தார் என்னைத் தாண்டித்தான் வெளியே போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 8

ஓரகத்தி பங்கஜவல்லி அக்கா போன் செய்தாள். "நாலு பேர் நடுவுல அவரை நிக்க வச்சுட்டியே தேவிகா. வீட்டுக்குள்ள சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டாரா?" ஒன்பது நோட்டீஸ் வந்ததே அக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அக்டோபர் 30

பாக்கித் தள்ளுபடியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வரிக் குறைப்பை மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முழு வெற்றி இல்லை என்கிறாள் செல்வி. இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் கேசரி கிண்டினாள். எனக்குத் தூக்குவாளியில் தனியாக.

நவம்பர் 6

மண்டப மேனேஜர் செக்கோடு வந்தார். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து. ரசீது எழுதினேன். மேட்டுத் தெருவுக்கு எழுதுகிற அதே எழுத்து, அதே பேனா.

நவம்பர் 14

மூத்தார் மகன் கதிரவன் கல்யாணப் பத்திரிகை. டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா வீட்டுக்கு!

கீழே உறவுக்காரர்கள் பெயர் எல்லாம் ஜோடி ஜோடியாக அச்சாகியிருக்கிறது. இவர் பெயர் மட்டும் தனியாக. சிவநாதன். பக்கத்தில் என் பெயர் வர வேண்டிய இடம் வெள்ளை.

கதிரவன் நடை பழகியது என் விரலைப் பிடித்துக்கொண்டு. அதுதான் சுருக்கென்று தைத்தது. மற்றபடி எழுதினது எழுதினதுதான், மறுபடி எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன்.

இவரைப் போகச் சொல்லிவிட்டேன். சித்தப்பா இல்லாமல் ஒரு கல்யாணமா?

நவம்பர் 27, வியாழன்

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. நான் வழக்கம்போல் ஆபீஸ் போனேன். காலையில் இவருக்குப் பட்டு வேட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். மோதிரமும். மண்டபத்தில் குறை சொல்லும்படி ஆகக் கூடாது.

பதினொன்றரைக்குக் கவுண்டரில் வரிசை நின்றது. நிமிர்ந்து பார்த்தால் ஏழாவது ஆளாக இவர், பட்டு வேட்டியோடு. எழுந்து வெளியே போனேன்.

"தாலி கட்டியாச்சா?"

"ஆச்சு. அட்சதை போட்டேன். புள்ள கால்ல விழுந்தான், ஆசீர்வாதம் பண்ணினேன்."

"சாப்பிட்டீங்களா?"

"கை நனைக்கலை."

எனக்குப் பகீரென்றது. கேட்கக் கேட்கத்தான் சொன்னார். முதல் பந்தி, சம்பந்தி வீட்டாரோடு உட்கார வைத்திருக்கிறார்கள். பெண்ணின் மாமா, உங்க வீட்டம்மா எங்கே, பார்க்கவே முடியலையே என்று கேட்டிருக்கிறார். இவர் வாயைத் திறப்பதற்குள் மூத்தார், "அவளுக்கு உடம்புக்கு முடியலை" என்று சொல்லிவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ உடம்பு நல்லாத்தான் இருக்கு. கூப்பிடலை, அதான் வரலை. இந்த மண்டபத்துக்கு வரி வசூல் பண்ணினவ அவதான், ஆபீஸ்ல இருக்கா, நான் அங்கதான் போறேன்னு சொல்லிட்டு இலையை மூடிட்டு வந்துட்டேன்."

"உங்க அண்ணன்தானேங்க! பந்தியிலேர்ந்து எழுந்திருக்கலாமா?"

"அண்ணன்தான்" என்றார். பிறகு, "பசிக்குது தேவிகா."

யேசுராஜ் சார் கவுண்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எதிர் டீக்கடையில் நின்று சூடாக மூன்று வடை தின்றார். பட்டு வேட்டியில் சட்னி சிந்தியது. நான் திட்டவில்லை.