சனிக்கிழமைக் கடைசி பஸ்

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் சின்னவளின் தமிழ் நோட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. 'எனக்குப் பிடித்த உணவு' என்று ஐந்து வரி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியிலேயே 'எனக்குப் பிடித்த உணவு கடைசி பஸ்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இவளுக்கு அழுகை. மிச்சம் மீதியை எல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தின்பதற்கு ஊர் முழுக்க அதுதான் பேர் என்று நினைத்திருக்கிறாள். அது நீ வைத்த பேர் என்று அவளுக்குத் தெரியாது. உன்னை அவள் பார்த்ததே இல்லை.

கையெழுத்துப் போட்டு நோட்டைப் பையில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நம் வடுகபட்டி வீட்டில் அதற்குப் பேர் ஒப்பேத்தல். அம்மா பூண்டுக் குடோனிலிருந்து திரும்ப நேரமாகிற நாட்களில் நீதான் பானை, சட்டி, டப்பா எல்லாவற்றையும் திறந்து பார்ப்பாய். காலைத் தோசை ஒன்று, நேற்றைய குழம்பில் கொஞ்சம், டப்பாவின் அடியில் கிடக்கும் காராச்சேவுத் தூள். "இருக்கிறத வச்சு ஒப்பேத்திக்குவோம்டி" என்பாய். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்போம். தோசையைப் பிய்க்கும்போது பெரிய பாதி என் பக்கம் வந்துவிடும். எப்படி வருகிறது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

நீ காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போனபோது உன் மகள் கயலுக்கு ஆறு வயது. நான் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வருஷம் திரும்பியதும் அம்மாவும் மச்சான் வீட்டுப் பெரியவர்களும் என்னை மச்சானுக்கே கட்டிவைப்பதென்று பேசி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். பிள்ளைக்காகச் சரி என்றேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. வேறொருத்தி வந்து உன் பீரோவைத் திறப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. அப்படித்தான் சின்னமனூருக்கு உன் வீட்டுக்கே வந்தேன். மச்சான் என்று கூப்பிட்ட வாயால் இனி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு வருஷம் எப்படியும் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். கயல் என்னைச் சித்தி என்றே கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கு என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

வந்த புதிதில் ஒருநாள் காலை இட்லியை உதிர்த்துத் தாளித்துப் பிள்ளைக்கு மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்தேன். எதிர்வீட்டு மதினி அதைப் பார்த்திருக்கிறாள். குழாயடியில் இன்னொருத்தியிடம், "தாய் இருந்தா பழசக் கட்டிக் குடுப்பாளா" என்றாள். நான் குடத்தோடு பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது. வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கயலுக்கு மூன்று வேளையும் புதுசாகத்தான் சமைத்தேன். மிஞ்சியதை மாட்டுக்குக் கொட்டினேன். பெற்றவள் பழசைப் போட்டால் அது சாப்பாடு. நான் போட்டால் அதற்குப் பேர் வேறு. அந்தப் பேர் எனக்கு வந்துவிடக் கூடாது என்பதே குறியாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கயல் அடுப்படியில் வந்து நின்று, "சித்தி, இன்னைக்குக் கடைசி பஸ்ஸா?" என்றாள். மச்சான் குச்சனூர் மினிபஸ் ஓட்டுகிறவர். சனிக்கிழமை கோயில் கூட்டம் என்பதால் கடைசி நடையும் அடித்துவிட்டுத்தான் வருவார். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமா, அப்பா கடைசி பஸ்ஸ முடிச்சுட்டுத்தான் வருவாக" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சூடாக நான் போட்ட பூரியைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அதற்கடுத்ததும் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். நாலாவது வாரம் கேட்கவில்லை.

அந்த வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் முடியாது. துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் கயல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் உன் பேர் வெட்டிய சீர்த் தாம்பாளம். கட்டிலுக்கடியில் சாக்கில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து எடுத்திருக்கிறாள். அதில் காலையில் தின்னாமல் ஒளித்துவைத்த அரைத் தோசை, இரண்டு பிஸ்கட், வாழைப்பழத்தில் ஒரு துண்டு, கொஞ்சம் உதிரித் திராட்சை. எல்லாவற்றையும் வட்டமாக அடுக்கி வைத்துத் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான் அக்கா. எதிர்வீட்டு மாடியைத்தான் முதலில் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. "யாராவது பார்த்தா என்ன நெனப்பாக, உன்னைய நான் பட்டினியா போட்டேன்" என்று அவளைப் பார்த்துக் கத்தித் தாம்பாளத்தைப் பிடுங்கினேன். திராட்சை மண்ணில் உருண்டது. அவள் அழவில்லை.

"இது கடைசி பஸ்ஸு. அம்மா வைக்கிறது. நீதான் வைக்கவே மாட்டேங்குறியே, சித்தி."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்ப் பொறுக்க முடிந்த திராட்சையை எல்லாம் பொறுக்கிக் கழுவினாள்.

மச்சான் வந்ததும் கேட்டேன். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை நீ எதுவும் சமைக்காமல், இருந்ததை எல்லாம் தாம்பாளத்தில் பரப்பி வைத்தாயாம். என்ன இது, குச்சனூர்க் கடைசி நடை மாதிரி ஒருத்தரையும் விடாமல் ஏற்றியிருக்கிறாய் என்று அவர் சொல்ல, நீ கண்டக்டர் பஸ் கதவைத் தட்டுகிற மாதிரி தாம்பாளத்தைத் தட்டி ரைட் கொடுத்தாயாம். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அதுதான். நீ போன பிறகு அந்தத் தாம்பாளத்தைச் சாக்கில் கட்டியவரும் அவரே. பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"அவ பேச்ச உன்கிட்ட எப்படிச் சொல்றது" என்றார். உன்னைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வெகுநேரம் பேசினோம்.

அடுத்த சனிக்கிழமை நான் வைத்தேன். வீட்டில் மிச்சம் என்று எதுவுமே இருக்காதே, அதனால் வடையும் பணியாரமும் சுட்டு, தோசை வார்த்துத் துண்டு போட்டு அடுக்கினேன். கயல் வந்து பார்த்தாள். "எல்லாம் புதுசு. இது ஸ்பெஷல் பஸ்ஸுல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமையே கூடுதலாக வைத்து மிச்சப்படுத்த வேண்டும் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். தோசையைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும். சுண்டக்குழம்பு நடுவில்தான் இருக்க வேண்டும். கடைசியாக வந்து உட்காருகிறவர்களுக்குச் சட்டி வழித்தது. எல்லாம் வைத்து முடித்ததும் அவள் தாம்பாளத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ஏறு, ஏறு, உள்ள எடம் இருக்கு" என்றாள். அது உன் குரல். மச்சான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அப்படிப் பழகிய ஒரு வாரத்தில்தான் எதிர்வீட்டு மதினி உறைமோர் கேட்டு உள்ளே வந்தாள். மூடி மறைக்க நேரமில்லை. தாம்பாளத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் கயல், "இது எங்க வீட்டுக் கடைசி பஸ்ஸு அத்தை" என்றாள். மதினி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டாள். "உங்க அக்கா வைக்கையில எனக்கும் ஒரு வாய் உண்டு ஆத்தா. நான்தான் மறந்துட்டேன்" என்றாள். குழாயடிப் பேச்சை நான் அவளிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று.

கயல் இப்போது பிளஸ் டூ. உன் உயரம் வந்துவிட்டாள். இன்னும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் அவள் மடியில்தான் வைத்தேன்.

ஒன்றை மட்டும் மச்சானிடமும் சொன்னதில்லை. நீ போவதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால், கடைப் பெண்களோடு குச்சனூர் கோயிலுக்கு வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்து நின்றேன். சனிக்கிழமை. நடுவீட்டில் என்னவோ பரப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ முறத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்து அடுப்படிக்குத் தள்ளினாய். கயல் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நீ கண்ணாலேயே அடக்கினாய். என்ன அது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, பாப்பா விளையாண்டுக்கிட்டுக் கெடந்தா" என்றாய். கடைக்கு ஓடி முட்டை வாங்கி வந்து, மாவு கரைத்து, எனக்குச் சுடச்சுடத் தோசையும் முட்டைக் குழம்பும் வைத்தாய். வேர்த்து வேர்த்து நின்றாய். நான் பெருமையாகத் தின்றேன்.

மச்சான் வாசல்படியில் உட்கார்ந்து சொன்ன அன்றுதான் அந்த முறத்துக்குக் கீழே இருந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள் நாம். கல்யாணமாகிப் போனதும் நீ என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாய். தங்கைக்கு மிச்சத்தை வைப்பதா என்று கூச்சப்பட்டிருக்கிறாய். எனக்கு அன்றைக்கு நல்ல பசி அக்கா. முறத்தை எடுத்துவிட்டு, "உக்காருடி" என்று சொல்லியிருந்தால் போதும்.

இப்போது சனிக்கிழமை யார் வந்து வாசலில் நின்றாலும், எவ்வளவு பெரிய விருந்தாளியாக இருந்தாலும், நான் தாம்பாளத்தை மூடுவதில்லை. நகர்ந்து இடம் விட்டு, இங்கன உட்காருங்க என்கிறேன்.