மதகைத் திறக்க வேண்டாம், பாபா

பாபா,

நேற்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை; அதனால்தான் சீட்டு. பத்து மணிக்கு ஆற்றில் கடல் ஏற்றம் வரும். வழக்கம்போல மதகைத் திறந்துவிடாதீர்கள். முன்பு ஏற்றம் ஆற்றின் நல்ல தண்ணீரைத் தோட்டத்துக்குள் தள்ளியது, இப்போது கடலைத் தள்ளுகிறது. போன மாதம் நட்ட இருபது பேரீச்சங்கன்றுகளும் கருகிவிடும்.

கல்லூரியிலிருந்து கொண்டுவந்த வெள்ளி நைட்ரேட்டை உங்கள் கண்ணெதிரேதான் ஆற்றுநீரில் விட்டேன். உப்பின் குளோரைடு இருந்தால் வெள்ளையாக உறையும். தனிம அட்டவணையில் குளோரினுக்குக் கீழே உள்ள புரோமினின் புரோமைடு என்றால் வெளிர்மஞ்சள், அதற்கும் கீழே உள்ள அயோடினின் அயோடைடு என்றால் நல்ல மஞ்சள். நம் குவளையில் தயிரே உறைந்தது. நீங்களோ, "உன் மருந்துதான்டா கெட்டுப்போச்சு! ஆத்தைக் குறை சொல்ல வந்துட்டான் பெரிய டாக்டரு!" என்றீர்கள். ஆற்றிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குப்பி சன்னலில் இருக்கிறது, நீங்களே சோதித்துப் பாருங்கள். கையில் படவேண்டாம். பட்டால் தோல் கறுத்துவிடும்.

அடுப்பில் சோறும் வாவல் மீனும். உப்புப் போடவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவினேன், அதிலுள்ள உப்பே போதும்.

லைத்

பி.கு.: பேருந்துக்குக் கிளம்பியவன் திரும்பி வந்து எழுதுகிறேன். மதகு திறந்திருக்கிறது. நீங்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஏற்றத்துக்குக் காத்திருந்தீர்கள். உங்கள் வலது கையில் மூன்று விரல்கள் கறுத்திருந்தன. தெரிந்துதான் திறந்திருக்கிறீர்கள். கன்றுக்கு விட வேறு தண்ணீர் ஏது? நானும் மூடவில்லை.

மீனுக்கு எலுமிச்சை கூடையில். அதை விரலில் தேய்க்காதீர்கள், கறை போகாது.