கரண்ட் வந்ததும் எழுந்த பழைய சர்வர்

என் அருமை பாவாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அக்காவைக் கேட்டால் "நல்லாத்தான்டி கீறேன்" என்கிறாள். எனக்குத்தான் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரி லேப்பில் உங்கள் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். உங்கள் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலிலேயே காலத்தை ஓட்டினேன், தெரியுமா?

சர்வரை மாற்றிவிட்டேன், பாவா. பிள்ளைகளின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு, யாரை உள்ளே விடலாம் என்று சொல்லுமே, உங்கள் செல்ல மிஷின், அதைத்தான். ஃபேன் கரகரவென்று கத்த ஆரம்பித்திருந்தது. "மிஷின மாத்து, நெம்பர மட்டும் மாத்தாதம்மா. அறுவது கம்ப்யூட்டர்லயும் அந்த நெம்பரத்தான் அதுக்கு விலாசமா கையால போட்டு வச்சிகீறேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சொன்னீர்கள். அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. உடம்பைப் பார்க்காமல் இதென்ன பேச்சு?

ஆனாலும் சொன்னபடியே செய்தேன். புது மிஷினுக்கு முதலில் வேறு நம்பர் கொடுத்து, பெயர்களையெல்லாம் அதில் ஏற்றி, உங்களுடையதை நிறுத்திவிட்டு, உங்கள் நம்பரைப் புதியதற்குக் கொடுத்தேன். மறுநாள் லேப்பில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டேன். பழையதிலிருந்து அந்த நம்பரை எடுத்து, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியிருக்க வேண்டும். கை வரவில்லை. நான் சொதப்பினால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒரு தைரியம். யுபிஎஸ்ஸைப் புதியதற்குக் கொடுத்து, உங்களுடையதைச் சுவர் பிளக்கில் மாட்டி மூலையில் வைத்தேன்.

அந்த வாரமே பிராக்டிகல் தேர்வு. அதற்கென்று எல்லோருக்கும் புது பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது. கால் மணி நேரத்தில் வந்தது. ஆனால் பாதிப் பேரால் உள்ளே போக முடியவில்லை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் வரும் பெண் அழாத குறையாக, "கரெக்டாத்தான் அடிக்கிறேன் மேடம். தப்பு, தப்புன்னே சொல்லிகினு கீது" என்றாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் பாக்கறேன்மா. அப்புறம் இவங்களுக்கு ஆப்சென்ட்தான்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். புது சர்வர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூலையில் அந்தக் கரகர சத்தம் கேட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மாடி ஏற முடியாமல், தானாகவே எழுந்துகொள்ளும்படி செட் பண்ணி வைத்திருந்தீர்களே? எழுந்துவிட்டது. அதே நம்பரோடு பாதிக் கம்ப்யூட்டர்களைத் தன் பக்கம் இழுத்து, புது பாஸ்வேர்டு தனக்குத் தெரியாததால், பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

சொன்னால் திட்டுவீர்கள். பிள்ளைகள் அங்கே தவிக்கிறார்கள், எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, பாவா. நீங்கள் வந்துவிட்டதைப் போல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு கேபிளைப் பிடுங்கினேன்.

எல்லோரையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். எல்லோரும் உள்ளே போனார்கள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்ட ஆரம்பித்தாள். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

நேற்று உங்கள் மிஷினிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிட்டேன். தானாக எழும் செட்டிங்கையும் நிறுத்திவிட்டேன். இதை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீங்கள் போட்ட நம்பர் மாறாது, இது என் வாக்கு. கரண்ட் வந்தால் மாடி ஏற நான் இருக்கிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

லேப் சாவியோடு,
உங்கள் மச்சினி