இல்லாத குழாய்க்குப் பச்சை வர்ணம்

24-4-1958, வியாழன்

இன்று எங்கள் தெருக்குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். நாலு பேர் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதே! பஞ்சாயத்து ஓவர்சியர் பொன்னழகு குடை பிடித்து நின்றார், இரண்டு ஆட்கள் கடப்பாரையால் நெம்பினார்கள்.

"பிரஷர் பத்தலைம்மா. அதான் இடம் மாத்துறோம்."

மாற்றிய இடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம், சுருளிவேல் சோடா கம்பெனி வாசல். சுருளிவேல் யார்? ஓவர்சியரின் மச்சான். பிரஷர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

சோடாவுக்கு காஸ், எங்களுக்குக் காத்து.

30-4-58

தண்ணீர் விடுவது எட்டிலிருந்து பதினொன்று வரை. பத்து மணி வரை சோடா கம்பெனி ரப்பர் குழாய் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் நாங்கள். போக ஒரு மைல், வர ஒரு மைல். பெருநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, எனக்கு மறுபடியும் நோன்பு வைத்த மாதிரி நாக்கு வறள்கிறது.

அம்மாவுக்கு ஆறு மாதம். தூக்கக் கூடாது. தம்பி அப்பாஸ் தூக்கினால் பாதி ரோட்டுக்கு. ஆக, நான்.

ராத்திரி சோறு போடும்போது அம்மா சொன்னாள்: "பள்ளிக்கூடம் தெறந்தா யாரு தண்ணிக்குப் போறது? நாலாம் பாரம் படிச்சது போதும்டி."

தகப்பனாச்சே என்று அத்தாவைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தார்.

பரீட்சையில் வகுப்பிலேயே மூன்றாவது நான். ஒரு குழாய்க்காகவா? ஒரு இரும்புத் துண்டுக்காகவா? அழமாட்டேன். தண்ணீர் வீண்.

3-5-58

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் ஒன்பதுக்குள் குழாய் திரும்பி வரவேண்டும். பஞ்சாயத்துத் தலைமை அதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். சும்மா எழுத முடியுமா? பாட்டாகவே எழுதினேன்:

ஊர்க் குழாயைக் காணோமே, ஓவர்சியர் கண்டாரோ?
மச்சான் சோடா பொங்குதே, மண்பானை ஏங்குதே!

கையெழுத்து: "தாகம் தீராதவன்." நானே படித்து நானே சிரித்தேன்.

10-5-58

சிரிப்பு போச்சு.

மத்தியானம் ஓவர்சியரே தெருவுக்கு வந்தார், கையில் என் கடுதாசி. நடுத்தெருவில் நின்று ராகம் போட்டு வாசித்தார்.

"எவன்டா அந்தப் பாட்டுக்காரன்? ஆம்பளையா இருந்தா முன்னால வாடா!"

நான் ஆம்பளை இல்லையே, அதனால் போகவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அத்தா என்னையே பார்த்தார். "அதிகாரிகூட நமக்கு எதுக்கும்மா வம்பு? நான் தோல்ஷாப்புல கூலிக்கு நிக்கிறவன்." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினேன். ஓரத்தில் சிவப்பு மை: "ஓவர்சியர் விசாரித்து அறிக்கை தரவும்."

அடப்பாவிகளா! யார்மேல் புகாரோ அவரிடமே விசாரணையா? மதுரை ஜில்லா ஆபீசுக்கு எழுதினாலும் படிப்படியாக இறங்கி இவர் மேசைக்குத்தான் வரும் போல.

11-5-58

எதிர்வீட்டுக் கருப்பம்மாக்கா சொன்னாள்: "பேரு இல்லாத கடுதாசின்னா கிழிப்பான். எம்பேரப் போட்டு எழுது ஆத்தா, கிழிக்கிறானான்னு பாப்போம்." எழுதினேன். பாட்டு இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, உரைநடையில். அக்காவே ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தாள்.

20-5-58, செவ்வாய்

பதில் வந்தது, பழுப்பு அட்டையில். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"நேரில் பார்வையிட்டதில், மேற்படி குழாய் 14-ஆம் எண் வீட்டின் எதிரில் வழக்கமான இடத்திலேயே உள்ளது. புகார் ஆதாரமற்றது. பைசல்."

பைசலாம், விவகாரம் முடிந்ததாம். 14-ஆம் எண் எங்கள் வீடு. எதிரில் இருப்பது பள்ளம். அதில் அப்பாஸ் ஓணான் வளர்க்கிறான்.

கருப்பம்மாக்கா மண்ணை வாரித் தூற்றினாள். "கண்ணு அவிஞ்சா போச்சு? இம்புட்டுப் பள்ளம் தெரியலயா?" பக்கத்து வீட்டு ஒச்சம்மாளக்கா ஆபீசுக்கே விளக்குமாற்றோடு கிளம்பினாள்; பிடித்து உட்கார வைத்தோம்.

எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. ஏன்? அட்டையை ஏழெட்டுத் தடவை படித்தேன். பார்வையிட அவர் தெருவுக்கு வரவே இல்லை. மேலிடத்தில் கேட்காமல் குழாயை மாற்றியிருக்கிறார், அதனால்தான் "இருக்கிறது" என்று எழுதுகிறார். இருக்கிறது என்று ஒரு தடவை எழுதியாயிற்று. இனிமேல் இல்லை என்று எழுத முடியுமா?

முடியாது!

21-5-58

மூன்று மனு எழுதினேன். ஒன்றிலும் புகார் கிடையாது. எல்லாம் பணிவான வேண்டுகோள்.

கருப்பம்மாக்கா பேரில்: 14-ஆம் எண் வீட்டு எதிர்க்குழாய்க்கு வாசர் மாற்றித் தரவேண்டும்.
ஒச்சம்மாளக்கா பேரில்: அதே குழாய்க்குப் பச்சை வர்ணம் அடித்துத் தரவேண்டும்.
மூன்றாவது: குழாயடியில் சிமெண்ட் மேடை கட்டித் தரவேண்டும்.

மூன்றாவதற்கு ஆள் இல்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "என்னத்துக்குடி இல்லாத குழாய்க்கு மேடை?" சொன்னேன். அப்புறம் பேனாவை வாங்கி, 'சைனம்பு' என்று எழுத்துக் கூட்டி எழுதினாள். 'ம்'மை மட்டும் நான் சரி செய்தேன்.

படிப்பை நிறுத்தச் சொன்ன அம்மாவா இது!

24-5-58

கத்திரி வெயில். நாலு குடம். தோள்பட்டை என்னுடையதே இல்லை.

29-5-58

வந்தது வந்தது வந்தது!

வரும் வாரம் ஜில்லா பஞ்சாயத்து ஆபீசர் வருஷாந்திரப் பார்வைக்கு வருகிறாராம். அதற்குள் நிலுவையில் உள்ள மனுவெல்லாம் தீர்ந்தாக வேண்டும். தீர்த்துவிட்டார் நம் ஓவர்சியர்! மூன்று அட்டை:

"வாசர் மாற்றப்பட்டது. பைசல்."
"பச்சை வர்ணம் பூசப்பட்டது. பைசல்."
"சிமெண்ட் மேடை அமைக்கப்பட்டது. பைசல்."

கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. ஒச்சம்மாளக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்து, "பச்ச நல்லா பளபளன்னு இருக்கு" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். வயிற்றில் பிள்ளை, அம்மாவின் சிரிப்பைத்தான் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

2-6-58

அத்தாவிடம் நாலு அட்டையையும் காட்டினேன். விளக்கடியில் வைத்து நிதானமாகப் படித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆபீசர் வர்ற அன்னிக்கு ஷாப்புக்கு லீவு சொல்லிர்றேன்" என்றார்.

5-6-58, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும்.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் பதினேழு பேர் போனோம். யாரும் கத்தவில்லை. கருப்பம்மாக்கா கையில் ஒரு சம்பங்கி மாலை. ஜில்லா ஆபீசர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என்னம்மா புகார்?"

"பொகார் இல்லீங்கய்யா. நன்றி சொல்ல வந்தோம். ஓவர்சியர் ஐயா எங்க கொழாய்க்கு வாசர் போட்டு, பெயிண்ட் அடிச்சு, மேடையும் கட்டிக் குடுத்திருக்காரு. நீங்க உங்க கையால கொழாய்க்கு ஒரு மால போடணும்."

ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் நன்றி மனு பார்த்திராதவர் போல. ஓவர்சியர் முகம்தான் வெளுத்த வேட்டி மாதிரி ஆனது.

"வெயிலா இருக்கு சார்… ரொம்பத் தூரம் சார்…"

"பத்து நிமிஷ நடைதாங்க" என்றார் அத்தா. அத்தாதான்! என் அத்தா, அதிகாரி முன்னால், துண்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டு.

நடந்தோம். ஆபீசர் 14-ஆம் எண் வீட்டு முன்னால் நின்றார். வீட்டைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். ஓணான் அவரைப் பார்த்தது. நான் நாலு அட்டையையும் நீட்டினேன். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார், கடைசியில் ஒவ்வொரு தடவையும் "பைசல்" என்று நிறுத்தி.

பிறகு கருப்பம்மாக்காவிடம் மாலையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"மிஸ்டர் பொன்னழகு, இதை எதுக்குப் போடட்டும்?"

ஓவர்சியர் குடையை மடக்கி அக்குளில் வைத்தார். சோடா கம்பெனிக்கும் போய்ப் பார்த்துவிட்டு, போகும்போது ஆபீசர் என்னிடம், "இந்த மனுவெல்லாம் யார் எழுதினது?" என்றார்.

நான் யோசிப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எம்மக எழுதினாங்கய்யா. அஞ்சாம் பாரம் படிக்கப் போறா."

7-6-58

குழாய் வந்துவிட்டது. புது வாசர். பச்சை வர்ணம். சிமெண்ட் மேடை. எழுதிக் கொடுத்ததெல்லாம் இருந்தாக வேண்டும் என்று உத்தரவாம். ஓவர்சியரே பக்கத்தில் நின்று கட்டவைத்தார். குடை இல்லை. ஏழு நாளில் விளக்கம் எழுதித் தரச்சொல்லி அவருக்கு மெமோ. எழுதட்டும், எழுதட்டும். யாருக்காவது உதவி வேண்டுமென்றால் நான் 14-ஆம் எண்.

பிடுங்குவதற்கு முன்னால் இருந்ததைவிட இது நல்ல குழாய்!

9-6-58, திங்கள்

காலையில் ஏழு குடம் வாசலிலேயே பிடித்து, ஒன்பது மணி பஸ்ஸையும் பிடித்தேன்.

ஐந்தாம் பாரம், 'ஆ' பிரிவு, இரண்டாவது பெஞ்சு. முதல் பாடமே தமிழ். "அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுக" என்றார் ஆனந்தமேரி டீச்சர். நான் உள்ளுக்குள் எவ்வளவு சிரித்தேன் என்று யாருக்கும் தெரியாது.

பத்துக்கு நாலு. பெறுநர் முகவரியைத் தப்பான பக்கம் எழுதிவிட்டேனாம்.

மேல்மனு போடலாமா என்று யோசிக்கிறேன்.